பவளம் வெளுக்கும் முன்பே எதை அளப்பது?

மும்பை மாட்டுங்காவில் தங்கி முதுநிலை விலங்கியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிக்கு அருகில். ஆய்வேட்டுக்கு ஓராண்டு கிடைக்கிறது. அந்த ஓராண்டில், கடல் வெப்பத்துக்கும் பிற சூழல் நெருக்கடிகளுக்கும் பவளங்கள் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதை அளக்க விரும்புகிறார். அதற்கு வண்ண அட்டை ஒன்றே போதுமா, பவளத்துள் வாழும் பாசியின் ஒளிர்வை அளக்கும், பல லட்சம் ரூபாய் விலையுள்ள ஒளிர்வுமானி இல்லாமல் இயலாதா என்பது முதல் கேள்வி. மன்னார் வளைகுடாவுக்குச் சொல்லப்படும், வெளுப்பு தொடங்கும் வெப்ப எல்லைகளை மும்பைக் கரையோரப் பவளங்களுக்கும் அப்படியே பொருத்தலாமா என்பது இரண்டாவது.

பவளத்தைப் பற்றி நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தே முதல் கேள்விக்கு விடை அமையும். இரண்டாவதற்கு, பொருத்தக் கூடாது என்பதே என் விடை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தனித்து நின்று நெருக்கடியைக் காட்டும் எண் எதுவும் பவளத்துக்குக் கிடையாது. நலமாக இருந்த காலத்தில் அதே பவளக் கூட்டம் (ஒன்றாக ஒட்டி வளரும் பல பாலிப்புகளின் தொகுதி) அதே இடத்தில் என்ன அளவைக் காட்டியது என்பது தெரிந்தால்தான், இன்று கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் உண்டு. வெளுப்பு தொடங்கிய செய்தி வந்த பிறகு அவசரமாக அளக்கத் தொடங்கினால், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் ஒப்பிட முன்னளவு இல்லாமல் அந்த உழைப்பின் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன்பு முன்னளவுக்கான காலத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடிப்படையை ஒருமுறை நினைவூட்டிக்கொள்வோம். பாறை கட்டும் பவளத்தின் உள்ளடுக்குத் திசுவில், செல்களுக்கு உள்ளேயே, சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. நலமான பவளத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் பத்து லட்சம் என்ற அளவில் அவை இருக்கும். அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவு, பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை நிறைவு செய்யக்கூடியது. கடல்நீர் தன் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதடையும் வேகம் அது தன்னைச் சீர்செய்துகொள்ளும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. உறிஞ்சிய ஒளியாற்றலுக்குச் செலவிட வழியில்லாமல் போகும்போது, வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகிப் பாசியையும் பவளத் திசுவையும் ஒருசேரத் தாக்குகின்றன. அதன் பின் பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, அல்லது திசுவுக்குள்ளேயே சிதைகின்றன. ஒளி ஊடுருவும் திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்புக்கூடு தெரியத் தொடங்குகிறது. இதுவே வெளுப்பு. 1928–29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லோ தீவுகளில் முகாமிட்டு ஆராய்ந்த மாரிஸ் யங் தலைமையிலான குழுவே, வெப்பத்தில் பவளங்கள் பாசியை இழப்பதைப் பதிவு செய்திருக்கிறது. ஆக, வெளுப்பு நெடுநாளாக அறியப்பட்டது. நிறம் மாறும் முன்பே உள்ளே என்ன நடக்கிறது என்பதை எண்ணாக எழுதும் வசதிதான் பிற்காலத்தில் வந்தது.

நிறத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கையில் உடனே கிடைக்கக்கூடியது அதுதான். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான பவள நல வண்ண அட்டை 2002 முதல் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. நான்கு வண்ணக் குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் வெளிர் முதல் அடர் வரை 1 முதல் 6 வரையான படிகள். ஒரே கூட்டத்தின் நிறம் இரண்டு படிகள் மாறினால், பாசியின் எண்ணிக்கையிலோ பச்சைய அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்ந்திருப்பதாகக் கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை விதி. ஒரு படி மாற்றத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. கண்ணின் பிழையும் நீரின் கலங்கலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். கிளைப் பவளங்களில் வளரும் நுனி இயல்பாகவே வெளிறி இருக்கும்; அதைத் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே பகுதியின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் பார்த்து எழுத வேண்டும். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், ஒளிப்படம் எடுக்கும்போது அட்டையும் படச்சட்டத்துக்குள் இருந்தாக வேண்டும். இயன்றவரை ஒருவரே எல்லா மாதங்களிலும் பார்வையிடுவது நல்லது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் நிறத்துக்குச் சில எல்லைகள் உண்டு. குளிர்ந்த மாதங்களில் பாசி பெருகுவதும் கோடையில் குறைவதும் பல பவளங்களின் இயல்பான ஆண்டுச் சுழற்சி. கோடையில் சற்று வெளிறிய பவளம் நோயுற்றதென்று ஆகாது. சில பவளங்கள் பாசியை இழக்கும்போது தம் சொந்த நிறமிகளைப் பெருக்கிக்கொண்டு பளிச்சென்ற ஊதாவாகவோ மஞ்சளாகவோ நீலமாகவோ மாறுகின்றன. அட்டையில் அதற்கு இடமில்லை. வெளுத்த பவளம் செத்துவிட்டது என்று எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், முழு வெள்ளையான கூட்டத்திலும் திசு பளபளப்பாக இருப்பதையும், தொட்டால் பவளத்தின் சிறு உயிர் அலகுகளான பாலிப்புகள் சுருங்குவதையும் காணலாம். திசு அழிந்த பவளத்தின் மேல் சில நாட்களிலேயே இழைப்பாசி படரத் தொடங்கும். ஆகவே குறிப்பேட்டில் வெளிறியது, முழுதும் வெளுத்தது, அண்மையில் இறந்தது, பழைய இறப்பு என்று தனித்தனிப் பத்திகள் அமைத்து, ஒவ்வொன்றும் கூட்டத்தின் பரப்பில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

இனி ஒளிர்வுமானி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இன்று பவள ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் பொருள்கொள்ளப்படுவதும் இந்தக் கருவியின் எண்தான். பச்சையம் உறிஞ்சும் ஒளி மூன்று வழிகளில் செலவாகலாம்: ஒளிச்சேர்க்கை வேதிவினைக்குப் போகலாம், வெப்பமாக வெளியேறலாம், அல்லது சிறு பங்கு சிவப்பு ஒளிர்வாகத் திரும்பி வரலாம். முதல் இரண்டையும் களத்தில் நேரடியாக அளப்பது கடினம்; மூன்றாவதை அளந்து முதலாவதை ஊகிக்கிறோம். துடிப்பொளி பாய்ச்சி அளக்கும் பேம் ஒளிர்வுமானியின் நுட்பம் அதுவே. பவளத்தைச் சிறிது நேரம், வழக்கமாக 15 முதல் 30 நிமிடம், இருளில் வைத்தால் பாசியின் இரண்டாம் ஒளியமைப்பில் உள்ள வினைமையங்கள் எல்லாம் திறந்த நிலைக்கு வரும். அப்போது மிக மெல்லிய துடிப்பொளி பாய்ச்சிக் கிடைக்கும் ஒளிர்வு அடிப்படை அளவு. உடனே ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மிகத் தீவிரமான ஒளியைப் பாய்ச்சினால் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் அடைபட்டு, ஒளிர்வு உச்சத்துக்கு ஏறும். உச்சத்துக்கும் அடிப்படைக்கும் உள்ள வேறுபாட்டை உச்சத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப்வி/எஃப்எம் என்ற விகிதம்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். அடிப்படை 210, உச்சம் 620 என்று திரையில் வந்தால் வேறுபாடு 410, விகிதம் 0.66. நலமான பவளங்கள் பெரும்பாலும் 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் இருக்கும். வெப்பத்துக்கு உட்பட்ட பின் அடிப்படை 230, உச்சம் 410 என்று வந்தால் வேறுபாடு 180, விகிதம் 0.44. நிறத்தில் கண்ணுக்கு எட்டும் மாற்றம் எதுவும் இல்லாத நாளிலேயே இந்த வீழ்ச்சி தெரியக்கூடும் என்பதுதான் கருவியின் பெருமை. விகிதத்தை மட்டும் எழுதாமல் அடிப்படையையும் உச்சத்தையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. பாசிகள் பழுதுபட்டதால் விகிதம் குறைவது வேறு. பாசிகளின் எண்ணிக்கையே குறைந்து இரண்டு அளவுகளும் சேர்ந்து சரிவது வேறு. பின்னதில் விகிதம் மாறாமலும் இருக்கலாம்! பாதிப் பாசிகளை இழந்த பவளத்தில் எஞ்சிய பாதி நலமாக இருந்தால் கருவி நல்ல எண்ணையே காட்டும். கருவி பேசுவது பாசியின் ஒளியமைப்பைப் பற்றி மட்டுமே. விலங்கான பவளத்தின் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

களத்தில் நேரமும் முக்கியம். நண்பகல் வெயிலில் நலமான பாசியும் தன்னைக் காத்துக்கொள்ள ஒளிச்சேர்க்கைத் திறனைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டு மாலையில் மீள்கிறது. காலை பத்து மணிக்கு ஒரு கூட்டத்தையும் பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு கூட்டத்தையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால், ஒப்பிட்டது சூரியனைத்தான். எனவே சூரியன் மறைந்த பின் அளப்பதே பாதுகாப்பானது. இருட்டுக்காகத் தனி மூடி தேடும் சிரமமும் குறைகிறது. கருவியின் ஒளியிழை முனைக்கும் திசுவுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கச் சிறு இடைவெளிக் குழாயைப் பொருத்திக்கொள்ள வேண்டும். முனை திசுவைத் தொட்டால் பாலிப் உள்ளிழுத்துக்கொள்ளும், திசுவின் தடிப்பு மாறும், எண்ணும் மாறும்.

பாசியை நேரடியாக எண்ணுவது பழைய முறை என்றாலும் இன்றும் எல்லா முறைகளுக்கும் உரைகல் அதுதான். சிறு பவளத் துண்டு ஒன்றை ஜிப் பைக்குள் வைத்து, வடிகட்டிய கடல்நீரை ஏர்பிரஷ் வழியாக விசையோடு பாய்ச்சினால், திசு எலும்புக்கூட்டைவிட்டு உரிந்து பையின் அடியில் சேர்கிறது. நலமான துண்டிலிருந்து வரும் கரைசல் பால் குறைந்த தேநீர் நிறத்தில் இருக்கும்; வெளுத்த துண்டிலிருந்து வருவது கிட்டத்தட்டத் தண்ணீர்தான். பாலிப்புகள் அமர்ந்திருந்த கிண்ணக் குழிகளின் அடியில் பழுப்பு எதுவும் ஒட்டியிராமல் எலும்புக்கூடு முழு வெள்ளையாகும் வரை பாய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. பிறகு கரைசலை நன்கு கலக்கி, குருதியணு எண்ணும் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். தகட்டின் ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் சராசரியாக 60 பாசிகள் இருந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 6 லட்சம். மொத்தக் கரைசல் 20 மில்லிலிட்டர் என்றால் 1.2 கோடி; துண்டின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 12 லட்சம். கணக்கு எளிது. பிழை வருவது கடைசி வகுத்தலில்தான். மேடுபள்ளமான பவளத்துண்டின் பரப்பை எப்படி அளந்தீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அலுமினியத் தாளைச் சுற்றி ஒட்டி எடைபோடுவது பழைய முறை. உருகிய மெழுகில் இருமுறை முக்கி, இரண்டாம் முறை ஏறிய எடையை அறிந்த பரப்புள்ள உருளைகளோடு ஒப்பிடுவது அதைவிட மேலானது. பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவம் அமைப்பது இப்போது பரவலாகிவருகிறது. எதையாவது ஒன்றைத் தேர்ந்து, இறுதிவரை அதிலேயே நில்லுங்கள். அதே கரைசலிலிருந்து பச்சையத்தை அசிட்டோனில் பிரித்து நிறமாலைமானியில் அளந்தால், பாசி குறைந்ததா, அல்லது ஒவ்வொரு பாசியிலும் பச்சையம் குறைந்ததா என்ற வேறுபாடும் தெரியும். நிறம் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

விலங்கின் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் வளர்ச்சியை அளக்க வேண்டும். பவளத்தை நீருக்குள்ளேயே தராசில் தொங்கவிட்டு எடைபோடும் மிதவை எடை முறையை நான் மிகவும் மதிக்கிறேன். திசுவின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்திக்கு நெருக்கமாக இருப்பதால் அதன் எடை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தராசு காட்டுவது எலும்புக்கூட்டின் எடையை மட்டுமே. பவளச் சுண்ணாம்பான அரகோனைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.93 கிராம்; கடல்நீருடையது சுமார் 1.025. நீருக்குள் 10 கிராம் காட்டினால் உண்மையான எடை ஏறக்குறைய 15.4 கிராம். பவளத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை. மாதம் ஒருமுறை எடைபோட்டால் நெருக்கடிக் காலத்தில் வளர்ச்சி நின்றதா என்பது தெரிந்துவிடும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், மூடிய கலத்தில் பவளத்தை வைத்துச் சில மணி நேரத்தில் நீரின் காரத்தன்மை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம்; ஒரு மோல் கால்சியம் கார்பனேட் படியும்போது காரத்தன்மை இரண்டு மோல் குறைகிறது. அதே கலத்தில் ஒளியிலும் இருளிலும் ஆக்சிஜன் மாற்றத்தை அளந்தால், உண்டாக்கும் உணவுக்கும் செலவிடும் உணவுக்கும் உள்ள விகிதம் கிடைக்கும்.

கடந்தகால நெருக்கடிகளுக்கு எலும்புக்கூடே ஆவணம். பெருந்திரளாக வளரும் போரைட்டிஸ் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. துளையிட்டு எடுத்த தண்டை வெட்டி எக்ஸ்ரே எடுத்தால் அடர்த்தி மிகுந்ததும் குறைந்ததுமான பட்டைகள் ஆண்டுக் கணக்காகத் தெரியும். இது 1972-இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவுப் பவளங்களில் நிறுவப்பட்டது. வெளுப்பு ஆண்டுகளில் வழக்கத்துக்கு மாறான அடர்ந்த பட்டைகள் தோன்றக்கூடும். ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் அக்கால நீரின் வெப்பநிலையைச் சொல்லும். மரபணு வெளிப்பாடு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், பாசியின் இனத்தைக் கண்டறியும் டிஎன்ஏ சோதனைகள் ஆகியவை மிக வேகமாக வளரும் துறைகள். டுருஸ்டினியம் என்ற பேரினப் பாசியை மிகுதியாகக் கொண்ட பவளம், மற்றதைவிட ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை கூடுதல் வெப்பத்தைத் தாங்கியதை இத்தகைய சோதனைகளே காட்டின. ஆனால் ஓராண்டு ஆய்வேட்டுக்கு இவற்றில் இறங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

பவளத்தை அளப்பது பாதி வேலை. அதன்மேல் விழுந்த வெப்பத்தை அளப்பது மறுபாதி. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து 5 கிலோமீட்டர் கட்டங்களுக்கு வெளியிடும் 'வெப்ப வாரங்கள்' என்ற கணக்கே உலகெங்கும் வழங்குகிறது. ஓர் இடத்தின் மாதச் சராசரிகளில் மிக உயர்ந்ததை அந்த இடத்தின் கோடை உச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒரு டிகிரியோ அதற்கு அதிகமோ ஏறிய நாட்களை மட்டும் கணக்கில் சேர்த்து, கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டுகிறார்கள். உச்சம் 29.5 டிகிரி உள்ள இடத்தில் ஒரு வாரம் 30.5 இருந்தால் 1. இரண்டு வாரம் 31.5 இருந்தால் 4. கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் வெளுப்பையும், 8-ஐத் தொட்டால் கடும் வெளுப்பையும் இறப்பையும் எதிர்பார்க்கலாம். வெப்பம் அந்த எல்லைகளையெல்லாம் தாண்டிப் போனதால், 2023 டிசம்பரில் எச்சரிக்கைப் படிகளை 20 வெப்ப வாரங்கள் வரை நீட்டினார்கள். அடுத்த ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள, கடல் தகவல்களை வழங்கும் இன்காய்ஸ் நிறுவனமும் இந்தியப் பவளப் பகுதிகளுக்கு இதே அடிப்படையில் எச்சரிக்கை வெளியிடுகிறது.

இந்தக் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அதையே உங்கள் பவளம் உணர்ந்த வெப்பம் என்று எழுதிவிடாதீர்கள். செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேற்பரப்பை. கரையை ஒட்டிய ஆழமற்ற திட்டில், நீர் வடிந்த நண்பகலில் இரண்டடி நீருக்குள் இருக்கும் பவளம் அனுபவிக்கும் சூடு, அந்த 5 கிலோமீட்டர் கட்டத்தின் சராசரிக்குள் வராது. பவளத்தின் அருகிலேயே கட்டிவைத்த வெப்பப் பதிவுக் கருவி, அதாவது லாகர், இதற்கு மாற்றில்லாதது. அதன் விலையும் ஒளிர்வுமானியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

எந்தக் கூட்டம் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதைக் கோடைக்குக் காத்திராமல் அறியும் வழியும் இப்போது உண்டு. 2020-இல் வெளியான சிபாஸ் என்ற தானியங்கிச் சோதனை முறையில், ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் எடுத்த சிறு துண்டுகளை நான்கு தொட்டிகளில் இடுகிறார்கள். ஒரு தொட்டி கோடை உச்சத்தில் இருக்கும். மற்றவை அதைவிட 3, 6, 9 டிகிரி மேலே. மூன்று மணி நேரத்தில் சூடேற்றி, மூன்று மணி நேரம் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் தணித்து, இரவைக் கடக்கவிட்டு, 18 மணி நேரத்தில் சோதனை முடிகிறது. ஒளிர்வு விகிதம் பாதியாகச் சரியும் வெப்பநிலையே அந்தக் கூட்டத்தின் தாங்குதிறன் அளவு. நூற்றுக்கணக்கான கூட்டங்களை ஒரே முறையில் வரிசைப்படுத்த இது அருமையான கருவி. இருந்தாலும் ஒரு நாள் வெந்நீரைத் தாங்குவதும் ஆறு வாரம் மிதமான சூட்டில் பட்டினி கிடப்பதும் ஒன்றாகா. பின்னதைத் தாங்கப் பவளத்துக்குச் சேமித்து வைத்த கொழுப்பும், பிடித்துத் தின்ன மிதவையுயிர்களும் வேண்டும்.

மன்னார் வளைகுடாவுக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களில் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஓர் அளவில் வெளுப்பு காணப்படுகிறது; தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வலுத்து நீர் கலங்கிக் குளிர்ந்ததும் பெரும்பகுதி மீள்கிறது. மீளாத ஆண்டுகளும் உண்டு. 2016-இல் அங்கே உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது, தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தினர் வெளுப்பு இல்லாத ஆண்டுகளிலும் ஓய்வில்லாமல் அதே திட்டுகளைக் கணக்கெடுத்து வந்ததால்தான். முன்னளவின் அருமைக்கு இதைவிட நல்ல சான்று நம் கடலில் எனக்குத் தெரியாது. அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் முதலில் மடிவதும், போரைட்டிஸ் போன்ற திரள் பவளங்கள் வெளுத்தும் பிழைப்பதும் அங்கும் பிற கடல்களிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஆகவே இனத்தைச் சொல்லாமல் 'பவளம் இத்தனை டிகிரியில் வெளுக்கும்' என்று எழுதுவது பொருளற்றது.

மும்பைக் கரையின் நிலை முற்றிலும் வேறு. ஹாஜி அலி, வர்லி, கொலாபா ஓரங்களில் பாறைகளின் மேல் உள்ளவை சிறு சிறு கூட்டங்கள். அங்கே பவளத்திட்டு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. கடற்கரைச் சாலைத் திட்டத்துக்காக 2020-இல் ஹாஜி அலியிலும் வர்லியிலும் இருந்த சில கூட்டங்கள் வனத்துறை அனுமதியோடு வேறிடத்தில் ஒட்டவைக்கப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இங்கே பெரிய ஓதங்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. வற்றும்போது பவளம் வெயிலிலும் காற்றிலும் கிடக்கிறது. நீர் எப்போதும் சேறு கலங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையிலும் நகரத்துக் கழிவுநீரிலும் உவர்ப்பு சரிகிறது. உவர்ப்பு குறைந்தாலும் பவளம் வெளுக்கும், குளிரிலும் வெளுக்கும், வண்டல் மூடினாலும் வெளுக்கும். வெளுப்பு பொதுவான எதிர்வினை. காரணத்தை அது தானாகச் சொல்லாது. மறுபுறம், கலங்கல் நீர் வெயிலின் தீவிரத்தைக் குறைப்பதால் சூடான நாளில் பவளத்துக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம். போதாக்குறைக்கு, இங்குள்ள கிண்ணப் பவளங்களில் சில பாசியே இல்லாதவை. அவற்றின் மேல் வண்ண அட்டையை வைத்துப் பயனில்லை, ஒளிர்வுமானியும் பேசாது. அவற்றுக்குப் பாலிப் விரியும் நேரம், திசு இழந்த பரப்பு, மூச்சின் ஆக்சிஜன் செலவு ஆகியவையே அளவுகள்.

இத்தனையும் கருதி, உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இதுதான். மும்பையில் வற்றும் நேரத்தில் நடந்து சென்று எட்டக்கூடிய ஒரே இடத்தைத் தேர்ந்து, ஒரே இனத்தின் தனித்தனிக் கூட்டங்கள் பத்துப் பன்னிரண்டை எண்ணிட்டு அடையாளப்படுத்துவேன். ஒரே கூட்டத்தில் பத்து இடங்களை அளந்துவிட்டுப் பத்து மாதிரிகள் என்று எழுதுவது ஏற்கப்படாது. மரபு வேறான கூட்டங்களே தனி மாதிரிகள். வெப்பநிலை, உவர்ப்பு, கலங்கல், காற்றில் திறந்து கிடந்த நேரம் ஆகிய நான்கையும் பவளத்தின் அளவோடு ஒரே வரியில் பதிவேன். இரு வாரத்துக்கு ஒருமுறை வண்ண அட்டையும் அளவுகோலும் சேர்ந்த ஒளிப்படம் எடுப்பேன். டிசம்பரில் தொடங்கினால் குளிர்காலம், கோடை, மழைக்காலம், மீட்சி ஆகிய நான்கும் ஓராண்டுக்குள் அடங்கும். ஒளிர்வுமானியை ஏதேனும் ஆய்வகத்திலிருந்து மூன்று முறை இரவல் பெற முடிந்தால் ஜனவரியிலும், மே இறுதியிலும், மழை ஓய்ந்த பின் அக்டோபரிலும் அதே கூட்டங்களில் மாலையில் அளப்பேன். துண்டு வெட்டுவதைத் திட்டத்திலேயே சேர்க்க மாட்டேன்: கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, உடைந்து கிடக்கும் துண்டை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி தேவை. அடையாளத் தகடு பொருத்துவதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுவது உங்களுக்கும் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நல்லது.

கடைசியாக லாகரைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு டிகிரி வேறுபாட்டை வைத்தே வெளுப்பின் எல்லையைக் கணக்கிடும் துறையில், அரை டிகிரி பிழையுள்ள கருவி ஆண்டு முழுவதன் உழைப்பையும் கெடுத்துவிடும். கடலில் இடுவதற்கு முன்பும், எடுத்த பின்பும், நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் எல்லா லாகர்களையும் ஒன்றாக மூழ்கவைத்து, 0 டிகிரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 30 டிகிரி வெந்நீர்த் தொட்டியிலும் ஒரு நம்பகமான வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். நேர் வெயில் பட்டால் உறை சூடேறி நீரைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே வெள்ளைக் குழாய்த் துண்டுக்குள் வைத்து, நீர் ஊடுருவத் துளையிட்டு, பவளத்தின் மட்டத்திலேயே கட்டுங்கள். மும்பை நீரில் சில வாரங்களிலேயே சிப்பியும் கொட்டலசும் மூடிவிடும். படம் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டிவிட்டு, தரவை அங்கேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து அலையில் ஒரு லாகராவது அடித்துச் செல்லப்படும் என்று எதிர்பார்த்து, இரண்டாக இடுங்கள்.